விங்ஸ் ஆறினால் காரம் எங்கே போகிறது?

"சிக்கன் விங்ஸைச் சூடாகக் கடித்தால் கண்ணில் தண்ணீர் முட்டுகிறது, அதே தட்டில் ஆறிப்போனதைத் தின்றால் காரம் பாதிகூட இல்லை, ஏன்?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. தட்டில் இருக்கும் மிளகாய் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. வித்தியாசம் நம் நரம்பில்.

அமெரிக்காவின் பஃபலோ நகரத்து விங்ஸையே எடுத்துக்கொள்வோம். 1964-இல் அங்குள்ள ஆங்கர் பாரில் தெரசா பெலிசிமோ முதலில் செய்தார் என்பார்கள். இல்லை, அதே ஊர் ஜான் யங்தான் என்பவர்களும் உண்டு. அந்தப் பஞ்சாயத்து நமக்கு வேண்டாம். மாவு பூசாமல் இறக்கையை எண்ணெயில் பொரித்து, தோல் மொறுமொறுவென்று ஆனதும், கெயேன் மிளகாய் சாஸும் உருக்கிய வெண்ணெயும் சேர்ந்த கலவையில் போட்டுப் புரட்டிச் சுடச்சுடக் கொடுப்பார்கள். சாஸில் வினிகர் இருக்கும், பக்கத்தில் பெரும்பாலும் பீர் இருக்கும். இரண்டையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

காரம் ஒரு சுவையே இல்லை, அது வலி என்று பள்ளியிலேயே படித்திருப்போம். மிளகாயின் உள்ளே விதை ஒட்டியிருக்கும் வெள்ளைப் பகுதியில் உருவாகும் கேப்சைசின் என்ற வேதிப்பொருள்தான் காரணம். சரி, அது என்ன செய்கிறது? இங்கேதான் எனக்குப் பிடித்த இடம் வருகிறது. வலியைச் சொல்லும் நரம்பு செல்களின் சவ்வில் டிஆர்பிவி1 என்று ஒரு புரதம், கதவு மாதிரி. சாதாரணமாக மூடியே இருக்கும். சுமார் 43 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் திறந்து, கால்சியம் அயனிகள் உள்ளே பாய்ந்து, "சுடுகிறது" என்று மூளைக்குச் சேதி போகும். கேப்சைசின் கொழுப்பில் கரைவதால் சவ்வுக்குள் புகுந்து, உள்பக்கமாக இந்தப் புரதத்தில் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டியதும் கதவு திறக்கத் தேவையான வெப்பம் இறங்கிவிடுகிறது, வாயின் சொந்தச் சூடே போதும் என்கிற அளவுக்கு. அதாவது மூளை ஏமாறவில்லை, வந்த சேதியே "சுடுகிறது" என்பதுதான், அதனால்தான் நெற்றி வியர்க்கிறது.

இதே புரதத்தை அமிலமும் தூண்டும், அதுதான் வினிகர். ஆல்கஹாலும் விடுவதில்லை: அது சேர்ந்தால் திறக்கும் வெப்பம் சுமார் 34 டிகிரி வரைக்கும் இறங்கிவிடும் என்று 2002-இல் காட்டினார்கள். காரத்தை அணைக்கப் பீர் குடிப்பவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். ஆக, பொரித்த சூடு, மிளகாய், வினிகர், பீர், நாலும் ஒரே கதவைத் தள்ளுகின்றன. விங்ஸ் ஆறினால் ஒரு ஆள் குறைகிறார், அவ்வளவுதான் வாசகருக்குப் பதில். இந்தக் கதவு குடலின் கடைசி வரைக்கும் உண்டு என்பதை மறுநாள் காலையில் நீங்களே தெரிந்துகொள்வீர்கள்.

இந்தப் புரதத்தைக் கண்டுபிடித்தது விஞ்ஞானி டேவிட் ஜூலியஸின் சான்பிரான்சிஸ்கோ ஆய்வகம், 1997-இல். நரம்பில் வேலை செய்யும் மரபணுக்களைக் கொத்துக் கொத்தாக, மிளகாய்க்கு அசையாத வேறு செல்களில் ஏற்றி, கேப்சைசினை ஊற்றி, கால்சியம் புகுந்தால் ஒளிரும் சாயத்தை வைத்து, எது ஒளிர்கிறது என்று பார்த்துக்கொண்டே போனார்கள். 2021-இல் மருத்துவ நோபல், தொடுதலை உணரும் புரதங்களைக் கண்டுபிடித்த ஆர்டெம் பட்டபூட்டியனுடன் சேர்த்து. மிளகாய் ஏன் எரிகிறது என்று பார்க்கப் பணம் கேட்டு நம் ஊரில் ஒரு விண்ணப்பம் போட்டால், "நாட்டுக்கு இதனால் என்ன பயன்?" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பது என் சந்தேகம். அக்கிக்குப் பிறகு மாதக்கணக்கில் தங்கும் நரம்பு வலிக்கு, வலி நரம்பையே மரக்கச் செய்ய, இன்று கேப்சைசின் பட்டையே ஒட்டுகிறார்கள். திருஷ்டி சுற்றி நெருப்பில் மிளகாய் போட்டு, நெடி வராவிட்டால் கண் பட்டிருக்கிறது என்று முடிவுகட்டும் வீட்டிலும் இருமலைக் கிளப்புவது இதே புரதம்தான். நெடி வரவில்லையென்றால் மிளகாய் காரமில்லாத ரகமா, புகை ஜன்னல் பக்கம் போனதா என்று பாருங்கள்.

எரிச்சல் அடங்கத் தண்ணீர் உதவாது, கேப்சைசின் அதில் கரையாது. பால் குடியுங்கள், பாலிலுள்ள கேசின் புரதம் அதைப் பிடித்து இழுத்துப்போகும். பஃபலோவில் விங்ஸோடு ப்ளூ சீஸ் டிப் வைப்பதும் அந்த வகையில் உதவுகிறது.

அப்புறம், அந்த இறக்கைக்குச் சொந்தக்காரக் கோழிக்குக் காரமே தெரியாது. அதனிடமும் இந்தப் புரதம் உண்டு, சூட்டுக்குத் திறக்கும், ஆனால் கேப்சைசின் ஒட்டும் இடம் கொஞ்சம் மாறியிருக்கிறது. மிளகாய்க்கு அதில் லாபம்: எலி விதையைக் கடித்து நொறுக்கிவிடும், பறவை முழுசாக விழுங்கி வேறெங்கோ எச்சமிடும். அமெரிக்காவில் அணில் தொல்லைக்காகப் பறவைத் தீனியிலேயே மிளகாய்க் காரம் ஏற்றி விற்கிறார்கள், குருவிகள் நிம்மதியாகக் கொத்துகின்றன.