பப்ளிசிட்டி, ப்ரமோஷன்: இரண்டும் விளம்பரம்தானா?

பெங்களூரு ஐடி அலுவலகத் தமிழரிடம் ‘ப்ரமோஷன்’ என்றால் பதவி உயர்வுதான் முதலில் நினைவுக்கு வரும். அதே அலுவலகத்தின் மார்க்கெட்டிங் பிரிவில் கேட்டால் தள்ளுபடி, இலவசம் என்று பேச்சு போகும். வேர் ஒன்றுதான்: லத்தீனில் ‘ப்ரோமோவேரே’, அதாவது முன்னே நகர்த்துவது. ஆளை நகர்த்தினால் பதவி உயர்வு, சரக்கை நகர்த்தினால் வியாபாரம்.

‘பப்ளிசிட்டி’யின் வேர் ‘பப்ளிகஸ்’, மக்களுக்குப் பொதுவானது. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். பிரெஞ்சில் இன்று அது காசு கொடுத்துப் போடும் விளம்பரத்தைக் குறிக்கிறது; வணிக ஆங்கிலத்தில் அப்படியில்லை.

பெங்களூரு அல்சூரில் டிபன் கடை வைத்திருப்பவர் ‘இரண்டு தோசைக்கு ஒரு காபி இலவசம்’ என்று பலகை எழுதினால் ப்ரமோஷன். என்ன சலுகை, எத்தனை நாள் என்பதெல்லாம் அவர் கையில். ஒரு கன்னட நாளிதழ் தானாக அந்தக் கடையைப் பற்றி எழுதினால் பப்ளிசிட்டி. காசு கிடையாது, பிடியும் கிடையாது. சாம்பாரில் பல்லி கிடந்ததாக வரும் செய்தியும் பப்ளிசிட்டியே! அல்சூர் ஏரிக்கரைத் திருவள்ளுவர் சிலையையே பாருங்கள். 1991இல் நிறுவியும் எதிர்ப்பால் மூடியே கிடந்து, 2009 ஆகஸ்டில்தான் திறக்கப்பட்டது. மூடிக் கிடந்த அந்த 18 ஆண்டுகளில் செய்திகளில் அடிபட்டதெல்லாம் யாரும் காசு கொடுத்து வாங்கிய கவனம் அல்ல.

1960இல் அமெரிக்கப் பேராசிரியர் ஜெரோம் மெக்கார்த்தி சந்தைப்படுத்தலைப் பொருள், விலை, இடம், ப்ரமோஷன் என நான்காக வகுத்தார். அந்த வழியில் ப்ரமோஷன் பெரிய தலைப்பு. விளம்பரம், நேரடி விற்பனை, சலுகை, பப்ளிசிட்டி எல்லாம் அதற்குள் அடக்கம். நடிகர்கள் ஊர் ஊராகப் போய்ப் பேட்டி கொடுப்பதைப் ‘பட ப்ரமோஷன்’ என்பது ஆகவே சரி. அந்தப் பேட்டிகளின் விளைவாகப் பத்திரிகையில் வரும் செய்தி பப்ளிசிட்டி. அப்புறம், ஆங்கிலத்தில் ப்ரமோஷனை ஒன்று, இரண்டு என எண்ணலாம். பப்ளிசிட்டியை எண்ண முடியாது.

சரி, தமிழில்? ‘விளம்பு’ என்றால் வெளிப்படச் சொல். (நாகர்கோவில் பக்கம் சோறு பரிமாறுவதையும் விளம்புவது என்பார்கள், மலையாளத்திலும் அப்படியே.) வேரை வைத்துப் பார்த்தால் ‘விளம்பரம்’ பப்ளிசிட்டிக்கே பொருந்தும். ஆனால் காசு கொடுத்துப் போடுவதற்கு அது நிலைத்துவிட்டது, இனி மாற்ற முடியாது. எனவே பப்ளிசிட்டிக்கு ‘ஊடக வெளிச்சம்’ என்பேன். ஏற்கெனவே புழக்கத்தில் இருப்பதுதான். ப்ரமோஷன் கடைச் சலுகையைக் குறித்தால் ‘விற்பனை ஊக்குவிப்பு’, மெக்கார்த்தி சொன்ன விரிந்த பொருளில் வந்தால் ‘சந்தை மேம்பாடு’. ‘பரப்புரை’ வேண்டாம், தேர்தல் வாசம் அடிக்கிறது.