‘தொன்றுதொட்டு’ என்றால் எத்தனை வருடம்?

வேலூரில் வழித் தகராறு என்று வக்கீலைத் தேடி வருகிறவர்கள் எழுதிக்கொண்டு வரும் மனுக்களில் ஒரு வரி தவறாமல் இருக்கும்: “மேற்படி வண்டிப்பாதையைத் தொன்றுதொட்டு அனுபவித்து வருகிறோம்.” தொழிலுக்கு வந்த புதிதில் நானும் தயங்காமல் எழுதியவன்தான்.

தொன்று என்றால் பழமை. தொட்டு என்றால் தொடங்கி. (சிலர் ‘தொண்டுதொட்டு’ என்று டைப் அடித்து வருகிறார்கள், அது வேறு சங்கதி.) குறளில் வரும் ‘பழங்குடி’க்கு உரை சொல்லும் பரிமேலழகர், தொன்றுதொட்டு வருதல் என்பதைச் சேர சோழ பாண்டியர் போலப் படைப்புக்காலம் தொட்டு வருவது என்று விளக்குகிறார். அவ்வளவு நீளமான சொல்.

சட்டம் அவ்வளவு தூரம் போகச் சொல்லவில்லை. 1882ஆம் வருட ஈஸ்மெண்ட் சட்டம் (அடுத்தவர் நிலத்தில் நமக்குள்ள வழி போன்ற பாத்தியங்களைப் பற்றியது), 15ஆம் பிரிவு: 20 வருட அனுபவம் போதும். அரசு நிலமென்றால் 30. வெளிப்படையாக, தகராறில்லாமல், இடைவிடாமல், நம் உரிமை என்றே நடந்திருக்க வேண்டும். வழக்குப் போடுவதற்கு முந்தைய இரண்டு வருடத்துக்குள் அந்தக் கணக்கு வந்து முடிய வேண்டும்.

என் கட்சிக்காரர், அணைக்கட்டு ஊர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவர், கூண்டில் நின்றார். எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார்.

“நிலம் எப்போ வாங்குனீங்க?”

“தொண்ணூத்தெட்டுல.”

“அதுக்கு முன்னாடி அந்தப் பக்கம் போயிருக்கீங்களா?”

“இல்லீங்க.”

“அப்புறம் தொன்றுதொட்டுன்னு எப்படிச் சொல்றீங்க?”

பெரியவர் திரும்பி என்னைப் பார்த்தார். 20 வருடக் கணக்கு அவர் கையில் சுளையாக இருந்தது. ‘1998 முதல் டிராக்டர் ஓட்டுகிறோம்’ என்று நான் எழுதியிருந்தால் அந்தக் கேள்விக்கே இடமில்லை. என் அலங்காரத்துக்கு அவர் தலைகுனிந்தார்.

இப்போதெல்லாம் வருடத்தைத்தான் முதலில் கேட்கிறேன். குடியாத்தத்திலிருந்து வந்த அம்மா ஒருவர், “பக்கத்து நிலத்துத் தாத்தாகிட்ட கேட்டுட்டுத்தான் சார் போவோம், பொங்கலுக்கு ஒரு வாழைத்தார் குடுப்போம்” என்றார். உண்மையைச் சொன்னார். ஆனால் கேட்டுப் போனால் அது அனுமதி; எத்தனை தலைமுறை ஓடினாலும் 15ஆம் பிரிவில் அது உரிமையாகாது. தாய்ப் பத்திரத்தைத் தேடச் சொல்லி அனுப்பினேன். அடுத்த வாரம் கொண்டு வந்தார். இவர்கள் நிலத்தை விற்றதே அந்தத் தாத்தாதான். சொத்து விவரத்தின் கடைசியில் ‘மாமூல் வண்டித்தடப் பாத்தியம் உட்பட’ என்று எழுதியிருந்தது. மாமூல் என்றால் அங்கே வழக்கம் என்று பொருள், இன்று நாம் பயந்து கொடுக்கிறோமே, அது இல்லை. எழுதிக் கொடுத்த தடத்துக்கு 20 வருடக் கணக்கே வேண்டாம்.