ஒரு கோடி பதிவுகளில் ஒன்றைத் தேடுதல்

ஓர் இணையதளம் மெதுவாகத் திறந்தால் உடனே பெரிய சர்வர் வாங்கலாமா என்ற பேச்சு எழுகிறது. பக்கத்தைக் காட்டுமுன் அந்தத் தளம் தன் தரவுத்தளத்தில் எதை, எவ்வாறு தேடுகிறது என்று பார்க்காமல் செய்யும் அந்தச் செலவு பெரும்பாலும் வீண் என்பதே என் கருத்து.

புத்தகம் விற்கும் தளமொன்றில் ஒரு கோடி ஆர்டர்கள் பதிவாகியுள்ளன என்று கொள்வோம். பதிவு ஒன்றுக்கு 200 பைட் என்றால் மொத்தம் சுமார் 2 ஜிபி. மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருளில் தரவைச் சேமிக்கும் பகுதியான இன்னோடிபி இதனை 16 கேபி அளவுள்ள, ‘பக்கங்கள்’ எனப்படும் துண்டுகளாகப் பிரித்து வைப்பதால், ஏறத்தாழ 1.2 லட்சம் பக்கங்கள் ஆகின்றன. இண்டெக்ஸ் இல்லாவிட்டால், ஒரே ஒரு வாடிக்கையாளரின் ஆர்டர்களை எடுப்பதற்கும் இத்தனை பக்கங்களையும் புரட்டியாக வேண்டும்.

இண்டெக்ஸ் என்பது வாடிக்கையாளர் எண்ணை மட்டும் வரிசைப்படுத்தி, ஒவ்வோர் எண்ணுக்கும் உரிய பதிவு எங்கே உள்ளது என்று குறித்துவைக்கும் தனி அமைப்பாகும். கிளை பிரியும் இடமான ஒவ்வொரு கணுவுக்கும் இரண்டே கிளைகள் கொண்ட மரமாக அதை அமைத்தால், ஒரு கோடியில் ஒன்றைக் கண்டுபிடிக்க 24 படிகள் இறங்க நேரிடும். தரவைச் சேமிக்கும், நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் வட்டில், ஒவ்வொரு படியிலும் வேண்டிய இடம் சுழன்று வந்து சேரவே சராசரியாக 4 மில்லி விநாடி ஆகும் என்பதால், படிகளைக் குறைப்பதே முதன்மையான தேவையாக இருந்தது. போயிங் ஆய்வகத்தில் பணியாற்றிய ருடால்ஃப் பேயரும் எட்வர்ட் மெக்ரைட்டும் 1970இல் இதற்கு வகுத்த விடைதான் பி-மரம். (அந்தப் ‘பி’ எதைக் குறிக்கிறது என்று அவர்கள் தங்கள் கட்டுரையில் சொல்லவில்லை.) அதில் ஒரு கணு ஒரு முழுப் பக்கத்தையே நிரப்புகிறது. ஒரு பக்கத்தில் 500 கிளைகள் இருந்தால், மூன்றே நிலைகளில் 12.5 கோடி மதிப்புகள் அடங்கிவிடும். மேல்நிலைப் பக்கங்கள் அடிக்கடி தேவைப்படுவதால் பெரும்பாலும் நினைவகத்திலேயே தங்கியிருக்கும். இத்தனை எளிய எண்ணம் இன்றும் பெரும்பாலான தரவுத்தளங்களைத் தாங்கி நிற்பது எனக்குத் தீராத வியப்பு.

ஆனால், இண்டெக்ஸ் இருந்தும் பயன்படாமல் போகும் வினவல்கள், அதாவது தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்விகள், உண்டு. அகராதியில் ‘க’வில் தொடங்கும் சொற்களை உடனே எடுக்கலாம், ‘யம்’ என்று முடியும் சொற்களைத் தேடினால் அதன் அகரவரிசை உதவாது. சொல்லின் இறுதிப் பகுதியை மட்டும் கொடுத்துத் தேடும் வினவலின் நிலையும் அதுவே. அவ்வாறே, தேதியிலிருந்து ஆண்டைப் பிரித்தெடுத்து 2024 உடன் ஒப்பிடுவதை விட, 2024 ஜனவரி 1 முதல் 2025 ஜனவரி 1க்கு முன்வரை என்று எல்லை வகுத்துக் கேட்பதே நன்று. வரிசைப்படுத்தப்பட்டிருப்பது முழுத் தேதியே அன்றி ஆண்டு மட்டும் அன்று. வினவலின் முன் எக்ஸ்பிளெய்ன் என்ற கட்டளையைச் சேர்த்தால் மைஎஸ்கியூஎல் தன் தேடும் வழியைக் காட்டும். வகை என்ற இடத்தில் ‘ஆல்’ என்று வந்தால், அது அட்டவணை முழுவதையும் படிக்கிறது என்று பொருள்.

இதற்காக எல்லா நெடுவரிசைகளுக்கும் இண்டெக்ஸ் போடுவதும் தவறு. புதிய ஆர்டர் ஒவ்வொன்றும் அட்டவணையில் மட்டுமன்றி ஒவ்வோர் இண்டெக்ஸிலும் எழுதப்பட வேண்டும். பக்கம் நிரம்பினால் அதை இரண்டாகப் பிளக்கும் வேலையும் சேரும். தான் கடைசியாகத் தொடங்கப்பட்டதிலிருந்து எந்த வினவலும் தொடாத இண்டெக்ஸ்களை மைஎஸ்கியூஎல்லே பட்டியலிட்டுத் தரும். ஆண்டுக்கொருமுறை மட்டும் நடக்கும் கணக்கெடுப்புக்குத் தேவையானவை எவை என்று பார்த்துக்கொண்டு, மற்றவற்றை நீக்கிவிடலாம்.