லைன் சார்ட் என்பது ஒரே மெஷ், ஐந்நூறு இமேஜ் அல்ல

மறுபடியும் ஒன்று வந்துவிட்டது. "கேம் திணறுகிறது, என்னவென்று பாருங்கள்" என்று ஒரு யூனிட்டி (கேம் உருவாக்கும் மென்பொருள்) புராஜெக்ட். நேரம் எங்கே போகிறது என்று காட்டும் புரொஃபைலரைத் திறந்தால் ஃப்ரேம் நேரத்தில் பெரும்பங்கைக் கேன்வாஸ் ரீபில்டே (திரையின் யூஐ பலகையை மறுபடி கட்டும் வேலையே) தின்றுகொண்டிருக்கிறது. ஆப்ஜெக்ட் பட்டியலான ஹைரார்க்கியில் 'லைன் குளோன், லைன் குளோன்' என்று முடிவில்லாமல் இறங்குகிறது. எல்லாம் எதற்கு? நகரத்தின் கஜானா ஏறி இறங்குவதை ஓரமாகக் காட்டும் ஒரு சின்ன லைன் சார்ட்டுக்கு. முதல் தடவை பார்த்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன்.

இரண்டு புள்ளிக்கு நடுவே ஒரு இமேஜை வை, நீளத்துக்கு இழு, கோணத்துக்குத் திருப்பு. வீடியோ பாடங்களில் பாதி இதைத்தான் சொல்லிக்கொடுக்கின்றன. கோடு வரும், மறுக்கவில்லை. பத்துப் புள்ளிக்கு ஒன்றும் தெரியாது. 500 புள்ளி என்றால் 499 கேம்ஆப்ஜெக்ட். ஒவ்வொன்றின் தலையிலும் ரெக்ட்டிரான்ஸ்ஃபார்ம், கேன்வாஸ்ரெண்டரர், இமேஜ் என்று மூன்று பாகங்கள். தோரணத்தின் ஒவ்வொரு மாவிலைக்கும் தனியாக ஒரு பந்தக்கால் நடுகிற வேலை இது.

இதைச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும்: "எல்லாம் ஒரே டெக்ஸ்ச்சர்தானே, பேட்ச் ஆகி (ஒன்றாகச் சேர்ந்து) ஒரே டிராகால்தானே (கிராஃபிக்ஸ் சிப்புக்கு ஒரே வரைதல் கட்டளை) போகிறது?" இந்தப் பேச்சுதான் எனக்கு எரிச்சல். டிராகால் ஒன்றுதான், சரி. அந்த ஒன்றாக்கும் வேலையை யார் செய்கிறார்கள்? சிபியூ. கேன்வாஸ் தன் கீழே உள்ள ஒவ்வொரு துண்டின் மெஷ்ஷையும் (முக்கோணங்களால் ஆன வடிவத்தை) எடுத்து, எது எதன்மேல் விழுகிறது என்று பார்த்து, வரிசைப்படுத்தி, ஒட்டித் தர வேண்டும். ஒரே ஒரு துண்டு நகர்ந்தாலும் மொத்தக் கேன்வாஸுக்கும் அந்த வேலை மறுபடி நடக்கும். அதே கேன்வாஸில் மினிமேப், பட்டன், ஸ்கோர் எல்லாம் இருந்தால் அவையும் சேர்ந்து இழுபடும். "பூலிங் (பழைய ஆப்ஜெக்டையே திரும்பப் பயன்படுத்துவது) போட்டுவிட்டேன் சார்" என்பார்கள் அடுத்து. பூலிங் மெமரியில் சேரும் குப்பையைக் குறைக்கும், ரீபில்டைக் குறைக்காது.

வேகத்தை விடுங்கள், பார்க்கவும் நன்றாக இராது. திருப்பிய இரண்டு செவ்வகங்கள் சந்திக்கும் இடத்தில் வெளிப்பக்கம் ஆப்பு வடிவில் இடைவெளி விழும், உள்பக்கம் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். கோடு அரைகுறை ஒளிபுகும் நிறமாக இருந்தால் ஒவ்வொரு மூட்டிலும் கருத்த புள்ளி தெரியும். அதை மறைக்க மூட்டுக்கு ஒரு வட்டம் வைப்பார்கள். இன்னும் 498 ஆப்ஜெக்ட்!

செய்ய வேண்டியது இவ்வளவுதான். யூனிட்டி யூஐயின் அடிப்படை கிளாஸான மாஸ்கபிள்கிராஃபிக்கிலிருந்து ஒரு கிளாஸ், அதில் மெஷ்ஷை நிரப்பும் ஆன்பாப்புலேட்மெஷ் ஃபங்ஷன். புள்ளிக்கு இரண்டு வெர்டெக்ஸ் (மூலை), துண்டுக்கு இரண்டு முக்கோணம். 500 புள்ளிக்கு 1,000 வெர்டெக்ஸ், 998 முக்கோணம், ஒரே ஆப்ஜெக்ட். டேட்டா மாறினால் மட்டும் மெஷ்ஷை மறுபடி கட்டச் சொல்லும் செட்வெர்டிசஸ்டர்ட்டி. ஒவ்வொரு ஃப்ரேமிலும் ஓடும் அப்டேட்டுக்குள் அதை வைக்காதீர்கள். கோடோ என்ற இன்னொரு கேம் எஞ்சினை வைத்திருப்பவர்களுக்கு இன்னும் சுலபம்: டிரா ஃபங்ஷனில் டிராபாலிலைன், மாறும்போது க்யூரீடிரா. அங்கே ஒய் அச்சு கீழ்நோக்கி வளரும், யூனிட்டி யூஐயில் மேல்நோக்கி. அங்கிருந்து நிரலை அப்படியே கொண்டுவந்தால் லாபம் நஷ்டமாகத் தெரியும்.

மூட்டில் மைட்டர் (கூர்முனை இணைப்பு) போடும்போது கவனம். பாதித் தடிமனை, திரும்பும் கோணத்தில் பாதியின் கொசைனால் வகுக்கிறோம். கோடு ஏறிய வேகத்தில் செங்குத்தாக இறங்கினால் அந்தக் கொசைன் பூஜ்யத்தை நெருங்கும். முனை ஈட்டிபோலத் திரைக்கு வெளியே பாயும். எஸ்விஜி என்ற வெக்டர் பட வடிவத்தில் மைட்டர் வரம்பு இயல்பாகவே 4. அதையே வையுங்கள், தாண்டினால் முனையை வெட்டிவிடுங்கள்.

பெரிய மதிப்பும் சிறிய மதிப்பும் ஒன்றாகவே இருந்தால் வீச்சு 0. அதால் வகுத்தால் சி ஷார்ப்பில் ஃப்ளோட் எந்த எக்செப்ஷனும் எறியாது. நேன் ('எண் அல்ல' என்ற மதிப்பு) கொடுத்துவிட்டுச் சும்மா இருக்கும், சார்ட் காணாமல் போகும். ஆட்டம் தொடங்கும்போது கஜானா ஒரே மட்டத்தில்தானே இருக்கும்? ஆக, இது என்றைக்கோ வரும் கோளாறு அல்ல, முதல் நிமிடத்திலேயே வருவது.

சார்ட்டை 'தனிப்பயன்' ஆக்கு (விருப்பப்படி மாற்றும்படி செய்) என்றதும் இன்ஸ்பெக்டர் என்ற அமைப்புப் பலகையில் ஸ்லைடர் மேல் ஸ்லைடர் அடுக்குகிறார்கள். டிசைனர் உண்மையில் கேட்பது தடிமன், நிறம், அச்சின் வீச்சு தானாகவா கையாலா, கட்டக் கோடு, எண்ணின் வடிவம். அச்சில் 17.3, 34.6 என்று எழுதாதீர்கள். 1, 2, 5 மற்றும் அவற்றைப் பத்தின் அடுக்குகளால் பெருக்கிய எண்களில் படி வைக்கும் வழியைப் பால் ஹெக்பர்ட் 1990-லேயே எழுதிவைத்துவிட்டார். அந்த எண்களுக்கு மட்டும் தனி டெக்ஸ்ட் ஆப்ஜெக்ட் இருக்கட்டும்; அவை நாலைந்துதான்.

வளைவாக்கும் ஆப்ஷன் கொடுப்பதானால் கேட்மல்-ராம் என்ற வளைவு முறை வேண்டாம். அது டேட்டாவைத் தாண்டி மேலும் கீழும் துள்ளும். கடனே வாங்காத ஆட்டக்காரரின் கஜானாவைப் பூஜ்யத்துக்குக் கீழே காட்டும். ஃப்ரிட்ச்சும் கார்ல்சனும் 1980-ல் தந்த மோனோடோன் (டேட்டாவின் ஏற்ற இறக்கத்தை மீறாத) முறை அப்படித் துள்ளாது.

300 பிக்சல் அகலத்தில் 20,000 புள்ளி வரையாதீர்கள். ஒவ்வொரு பிக்சல் நெடுவரிசைக்கும் ஒரு சிறிய மதிப்பு, ஒரு பெரிய மதிப்பு போதும். சராசரி எடுத்துவிடாதீர்கள், தயவுசெய்து. ஃப்ரேம் டைம் சார்ட்டில் 16.67 மில்லிசெகண்டுகளுக்கு நடுவே வரும் ஒரே ஒரு 120-ஐத்தான் தேடுகிறோம். சராசரி முதலில் அதைத்தான் விழுங்கும்.

சார்ட்டைத் தனிச் சப்-கேன்வாஸில் வையுங்கள், கிளிக்கைப் பிடிக்கும் ரேகாஸ்ட் டார்கெட்டை அணையுங்கள். அனுப்புவதற்கு முன்னால் காலி லிஸ்ட், ஒற்றை மதிப்பு, எல்லாம் ஒரே மதிப்பு, நடுவில் ஒரு நேன் ஆகிய நான்கையும் கொடுத்துப் பாருங்கள். பத்து நிமிட வேலைதான். அதைச் செய்துவிட்டுப் பிறகு எனக்கு அனுப்புங்கள்.