மூன்று போஜன்களும் ஒரு பைத்தான் பேக்கேஜும்

கோத்தகிரியில் உட்கார்ந்து டீ பேக்டரிகளுக்கு மென்பொருள் எழுதுகிறோம், மொத்தம் நாலு பேர். பச்சைத் தேயிலை எடைக் கணக்குக்கென்று பைத்தான் மொழியில் ஒரு சின்ன பேக்கேஜ் (நிரல் தொகுப்பு), எங்கள் சர்வரில் மட்டும் இருந்தது. பெயர்? 'இலை எடை' என்பதற்கு யாருக்கும் சட்டென்று தோன்றும் ஆங்கிலம்தான். அங்கேதான் வினை.

போன மழைக்காலத்தில் புதிதாகச் சேர்ந்த தம்பி அதை இன்ஸ்டால் செய்தான். எரர் எதுவும் வரவில்லை, ஆனால் உள்ளே நாங்கள் எழுதிய நிரல் ஒரு வரிகூட இல்லை. அதே பெயரில் யாரோ பைபிஐயில் (பைத்தான் பேக்கேஜ்களுக்கான பொதுக் கிடங்கு) ஏற்றி வைத்த வேறு ஏதோ வந்து உட்கார்ந்திருந்தது. தப்பு எங்களுடையதுதான், பேக்கேஜ்களை இன்ஸ்டால் செய்யும் கருவியான பிப்புக்கு எங்கள் சர்வரை 'எக்ஸ்ட்ரா இன்டெக்ஸ்' என்று, அதாவது பைபிஐயோடு கூடுதலாகத் தேட வேண்டிய இடமாக, கொடுத்திருந்தோம். நம் வீட்டு சரக்கு, வெளிச் சரக்கு என்றெல்லாம் பிப் பார்க்காது, இரண்டு இடத்திலும் தேடிவிட்டு எந்த வெர்ஷன் எண் பெரியதோ அதை எடுத்துக்கொள்ளும். நாங்கள் 0.4, வெளியே இருந்தது 1.2.

நல்லவேளை, வந்தது சாது. 2021-ல் அலெக்ஸ் பிர்சான் என்ற ஆய்வாளர் இதே ஓட்டை வழியாக ஆப்பிள், மைக்ரோசாஃப்ட் உட்பட 35-க்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்குள் தன் நிரலை ஓடவிட்டுக் காட்டினார்.

இலை கொண்டுவரும் இடத்தில் போஜன் என்ற பெயரில் மூன்று பேர் இருந்தால் நோட்டில் என்ன செய்வார்கள்? ஹட்டி (ஊர்) பெயரை முன்னால் போடுவார்கள், அவ்வளவுதான். ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ் கிடங்கான என்பிஎம்மில் '@' போட்டு நிறுவனப் பெயரை முன்னால் வைப்பதும், ஜாவா கிடங்கான மேவன் சென்ட்ரலில் டொமைன் (இணைய முகவரி) உங்களுடையதுதான் என்று நிரூபிக்கச் சொல்வதும் அதே வேலை. பைபிஐயில் பெயரை முதலில் பதிந்தவருக்கே அது சொந்தம், நாம் உள்ளே எத்தனை வருடமாக வைத்திருந்தோம் என்பது அங்கே செல்லாது. ஹைபனை அடிக்கோடாக மாற்றித் தப்பிக்கலாம் என்றும் நினைக்காதீர்கள், பைபிஐக்கு இரண்டும் ஒரே பெயர்தான் (எனக்கே இது தாமதமாகத்தான் உறைத்தது).

இப்போது பிப்புக்கு எங்கள் சர்வர் ஒன்றுதான் தெரியும், வெளி பேக்கேஜும் அதன் வழியாகத்தான் வரும். பெயருக்கு முன்னால் எங்கள் கம்பெனி பெயர். புதிதாக எதற்குப் பெயர் வைத்தாலும் முதலில் பைபிஐயில் தேடிப் பார்க்கிறோம். குன்னூர்ப் பக்கம் இரண்டு பேக்டரி கம்ப்யூட்டரில் மட்டும் பழைய பெயர் இன்னும் ஓடுகிறது, அடுத்த வாரம் போய் மாற்ற வேண்டும்.