பாடம் வருவதற்குள் பருவம் வந்துவிடுகிறது

1997-இல் மார்சியா ஹெர்மன்-கிடென்ஸ் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அமெரிக்காவில் குழந்தை மருத்துவர்களிடம் வந்துபோன 17,000 சிறுமிகளின் பரிசோதனைப் பதிவுகள் அதில் இருந்தன. மார்பக வளர்ச்சி வெள்ளையினச் சிறுமிகளுக்குச் சராசரியாகப் பத்து வயதை ஒட்டித் தொடங்கியிருந்தது; கறுப்பினச் சிறுமிகளுக்கு ஒன்பது வயது நிரம்பும் முன்பே. எட்டு வயதுப் பிள்ளைகளை மட்டும் பார்த்தால் இடைவெளி இன்னும் பெரிது. ஏதேனும் ஒரு பருவ அறிகுறி தென்பட்டவர்கள் வெள்ளையினத்தில் சுமார் 15%, கறுப்பினத்தில் சுமார் 48%.

காரணங்கள் பல. அவற்றில் ஒன்று, கொழுப்புத் திசு சுரக்கும் லெப்டின் என்ற ஹார்மோன். உடலில் போதிய கொழுப்புச் சேமிப்பு இருக்கிறது என்ற தகவலை அது மூளைக்குச் சொல்கிறது. பருவமாற்றம் தொடங்க அந்தத் தகவல் வேண்டும். நமக்கு இங்கே முக்கியம் காலக்கணக்குதான். அமெரிக்கப் பள்ளிகளில் பருவமாற்றம் பற்றிய பாடம் பொதுவாக நான்காம் அல்லது ஐந்தாம் வகுப்பில்தான் வரும். அதற்குள் கறுப்பினச் சிறுமிகள் பலருக்கு அது பழைய செய்தியாகிவிடுகிறது.

பாடம் தாமதம், சரி. பெரியவர்களின் பார்வையோ நேர்மாறாக அவசரப்படுகிறது. ஜார்ஜ்டவுன் சட்டக் கல்லூரியின் ஆய்வாளர்கள் 325 பெரியவர்களிடம் கேள்விகள் கேட்டு 2017-இல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். அதே வயது வெள்ளையினச் சிறுமிகளைவிடக் கறுப்பினச் சிறுமிகளுக்கு அரவணைப்பும் பாதுகாப்பும் குறைவாகவே தேவை, பாலியல் விஷயங்கள் அவர்களுக்கு ஏற்கெனவே கூடுதலாகத் தெரியும் என்ற எண்ணம் பதில்களில் தெரிந்தது. ஐந்து வயதிலேயே இது தொடங்குகிறது. சிறுமியை வளர்ந்த பெண்ணாக எண்ணிவிடும் இந்தப் பார்வையை ‘வயதுக்கு மீறிப் பெரியவராக்கல்’ என்று சொல்லலாம்.

வகுப்பறையில் இது எப்படி வேலை செய்யும்? ஒரு பெண் கேட்கும் சந்தேகம் ஆர்வமாகப் படலாம். அதே சந்தேகத்தை இன்னொருத்தி கேட்டால், ‘இவளுக்கு எதற்கு இது’ என்று படலாம். இரண்டாமவள் அடுத்த முறை கையைத் தூக்க மாட்டாள். கறுப்பினப் பெண்கள் தாங்கள் கற்ற பாலியல் கல்வியை நினைவுகூரும் நேர்காணல் ஆய்வுகளில், கர்ப்பத்தையும் நோயையும் பற்றிய எச்சரிக்கைகள்தான் அடிக்கடி வருகின்றன. சம்மதம், விருப்பம், சொந்த உடலை அறிவது பற்றியெல்லாம் பேச்சு அபூர்வம்.

வீட்டிலும் பயம்தான் பேசும். அது காரணமில்லாத பயம் அல்ல. 1973-இல் அலபாமாவின் மாண்ட்கமரி நகரில், அரசுப் பணத்தில் நடந்த ஒரு குடும்பக் கட்டுப்பாட்டு மையம் 14, 12 வயதான ரெல்ஃப் என்ற கறுப்பினச் சகோதரிகளுக்குக் கருத்தடை அறுவை செய்துவிட்டது. எழுதப் படிக்கத் தெரியாத தாய், ஊசி போடத்தான் சம்மதம் கேட்கிறார்கள் என்று நம்பி, கையெழுத்துக்குப் பதில் ஒரு பெருக்கல் குறியைப் போட்டிருந்தார். இப்படிப்பட்ட கதைகளைக் கேட்டு வளர்ந்த அம்மாக்கள், கருத்தடை பற்றி மகளிடம் சாவகாசமாக உட்கார்ந்து பேசுவார்கள் என்று எதிர்பார்ப்பது கொஞ்சம் அதிகம்.

1996-இல் அமெரிக்க அரசு, ‘திருமணம் வரை காத்திரு’ என்று மட்டும் சொல்லும் வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 5 கோடி டாலர் ஒதுக்கியது. அந்த வகுப்புகளுக்குப் போனவர்களும் போகாதவர்களும் நடந்துகொண்ட விதத்தில் வித்தியாசமே இல்லை என்று 2007-இல் வெளியான பெரிய மதிப்பீடு காட்டியது.

‘கட்டுப்பாடாக இரு’ என்ற அறிவுரைக்கு இன்னொரு ஓட்டையும் உண்டு. ஒருவருக்குப் பாலுறவால் பரவும் தொற்று வரும் வாய்ப்பு அவர் நடத்தையை மட்டும் பொறுத்ததல்ல. துணையைத் தேடும் வட்டத்தில் தொற்று எவ்வளவு பரவியிருக்கிறது என்பதையும் பொறுத்தது. குடியிருப்புகள் இனவாரியாகப் பிரிந்து கிடந்தால் அந்த வட்டம் சிறுக்கிறது. ஆண்களில் பலர் சிறையில் இருந்தால் இன்னும் சிறுக்கிறது. சிறிய வட்டத்துக்குள் தொற்று எளிதில் சுற்றிவரும். அதாவது, ஒரே மாதிரி நடந்துகொள்ளும் இரண்டு பெண்களுக்கு ஆபத்து ஒரே அளவு அல்ல. அடாரா அடிமோரா, விக்டர் ஷேன்பாக் ஆகிய தொற்றுநோய் ஆய்வாளர்கள் இதை விரிவாக விளக்கியிருக்கிறார்கள்.

அப்புறம் எதுதான் பலித்தது? அலபாமாவின் பர்மிங்காமில் ரால்ஃப் டிக்ளெமென்டி, ஜீனா விங்குட் குழுவினர் 14 முதல் 18 வயது வரையான 522 கறுப்பினப் பெண்களை வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். நான்கு நாள், நாளுக்கு நான்கு மணி நேரம். வகுப்பை நடத்தியவர்களும் கறுப்பினப் பெண்களே. தொடக்கத்திலேயே ஆணுறையை எடுத்துக் காட்டவில்லை. கறுப்பினப் பெண்ணாக இருப்பதன் பெருமையையும் சிரமத்தையும் பேசினார்கள். கறுப்பினப் பெண்கள் எழுதிய கவிதைகளைப் படித்தார்கள். அதன்பிறகுதான் துணையிடம் மறுத்துப் பேசுவதற்கு நடித்துப் பழகுவது, ஆணுறைப் பயன்பாடு எல்லாம். ஒப்பீட்டுக் குழுவுக்கு உடற்பயிற்சியும் சத்துணவும் பாடம்.

ஆறு மாதம் கழித்து, முந்தைய 30 நாளில் தவறாமல் ஆணுறை பயன்படுத்தியவர்கள் இந்த வகுப்பில் 75%, மற்றதில் 58%. பாலுறவால் பரவும் கிளமிடியா என்ற தொற்றும் குறைந்திருந்தது. 2004-இல் வெளியான இந்த முடிவுகளில் என்னைக் கவர்ந்தது கவிதை படித்த அந்த முதல் நாள்தான். ஆனால் அங்கே சேர 14 வயது ஆகியிருக்க வேண்டும். எட்டு வயதிலேயே உடல் மாறத் தொடங்கிய பிள்ளைக்கு நடுவில் ஆறு ஆண்டுகள் கிடக்கின்றன.