டேக்கர் சீமாட்டிக்குப் பெயர் மீண்ட கதை

லண்டன் தேசிய உருவப்படக் கூடத்தில் உள்ள ஓர் இணை ஓவியத்தில், கறுப்பு உடையணிந்த சீமாட்டி ஒருவரும் ஓர் இளைஞரும் அருகருகே காணப்படுகின்றனர். 1559 என்ற ஆண்டும், பெண்ணுக்கு 36, ஆணுக்கு 21 என்ற வயதுகளும், ஓவியரைக் குறிக்கும் ‘எச்.ஈ.’ என்னும் கூட்டெழுத்தும் அதில் தீட்டப்பட்டுள்ளன. பெயர்கள் மட்டும் இல்லை.

அந்தக் குறையை 1727இல் ஜார்ஜ் வெர்ட்யூ என்ற ஆய்வாளர் நிரப்பினார். படத்தில் இருப்பவர்கள், சில நாள்கள் மட்டும் இங்கிலாந்தின் அரசியாக இருந்த ஜேன் கிரேயின் தாய் பிரான்சிஸ் பிராண்டனும் அவருடைய இரண்டாம் கணவர் ஏட்ரியன் ஸ்டோக்ஸும் என்றார். 1517இல் பிறந்த பிரான்சிஸுக்கு 1559இல் 42 வயது என்பதால், இதை மறுக்கக் கழித்தல் கணக்கே போதும். ஆயினும் இரண்டரை நூற்றாண்டுகளுக்கு அந்தப் பெயரே ஓவியத்தோடு ஒட்டியிருந்தது. ஓவியம் யார் யாரிடம் இருந்தது என்னும் உடைமை வரலாறு அதன் பயணத்தைக் காட்டலாம். ஆனால் முன்பு ஒருவர் செய்த தவறையும் அது பத்திரமாகச் சுமந்துவரும்.

அதே வரலாறு சில சமயம் கைகொடுப்பதும் உண்டு. ‘எச்.ஈ.’ என்பதை ஓவியர் லூக்காஸ் டி ஹீர் என்று முன்னோர் கொண்டிருந்தனர். ஓவியங்களைச் சேகரித்த லம்லி பிரபுவின் 1590ஆம் ஆண்டுச் சொத்துப் பட்டியலில் ஓவியர் ஹான்ஸ் ஈவர்த்தின் பெயர் இருந்ததைக் கொண்டே, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அக்கூட்டெழுத்து அவருடையது என்று நிறுவப்பட்டது.

ஓவியத்தை ஆராய அதன் பலகையும் ஒரு வழி. அக்கால உருவப்படங்கள் பல, பால்டிக் பகுதி ஓக் மரப் பலகைகளில் தீட்டப்பட்டவை. மழையும் வெப்பமும் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால் மரத்தின் வளர்ச்சி வளையங்களும் அகன்றும் குறுகியும் அமைகின்றன. அந்த வரிசையை, காலம் தெரிந்த மரங்களின் வரிசையோடு பொருத்தினால் கடைசி வளையத்தின் ஆண்டு கிடைக்கும். ஆனால் தச்சர்கள் பட்டையை ஒட்டிய வெளிமரத்தைச் செதுக்கி எறிந்துவிடுவதால், இந்த ஆண்டுக்கு முன் மரம் வெட்டப்பட்டிருக்க முடியாது என்று மட்டுமே சொல்ல இயலும். போலியைப் பிடிக்க இது மிகவும் உதவும். படத்தில் இருப்பவர் யார் என்பதற்கு உதவாது.

அதற்கு விரலைப் பார்க்க வேண்டியிருந்தது. சீமாட்டி அணிந்துள்ள மோதிரம், கனடா தேசியக் கலைக்கூடத்தில் உள்ள, ஈவர்த் தீட்டிய டேக்கர் சீமாட்டி மேரி நெவிலின் ஓவியத்திலும் இருப்பதை, கலை வரலாற்றாளர் சூசன் ஃபாய்ஸ்டர் 1986இல் எடுத்துக்காட்டினார். அதன்பின் வயதுகளும் பொருந்தின: இளைஞர் கணவர் அல்லர், மகன் கிரகரி ஃபைன்ஸ். தந்தை 1541இல் கொலைக் குற்றத்துக்காகத் தூக்கிலிடப்பட்டபோது குடும்பம் இழந்த டேக்கர் பிரபு பட்டம், முதலாம் எலிசபெத் ஆட்சியின் தொடக்கத்தில்தான் கிரகரிக்குத் திரும்பியது. தாயும் மகனும் 1559இல் சேர்ந்து படம் எழுதிக்கொண்டதன் காரணம் பெரும்பாலும் அதுவாகவே இருக்க வேண்டும்.